பைன் லேக் ஹைட்ஸில் யாரும் கதவைத் தட்டுவதில்லை

பைன் லேக் ஹைட்ஸ், ஒஹாயோ
ஜூலை 9

அன்பு மகள் கிரெட்சனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் நாட்கள் பெரிய குறையில்லாமல் போகின்றன. நீயும் மாப்பிள்ளை இயனும் அங்கே குளிரில் இருமல் சளி வராமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் காலையில் காபி போடுகிறேன். இங்கே வெயிலில் புல் கருகும்போது நியூசிலாந்தில் நீ கம்பளித் தொப்பியோடு யாருடைய ஆட்டுக்கோ ஊசி போட்டுக்கொண்டு நிற்பாய் என்பது இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பழகவில்லை. தொலைபேசியில் பேசிக்கொள்வதைக் கடிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொலைபேசியில் நீ எதைக் கேட்டாலும் எனக்கு உடனே ஆமாம்மா என்று வந்துவிடுகிறது. வைத்த பிறகுதான் எதற்கு ஆமாம் சொன்னோம் என்று யோசிக்கிறேன். எழுதினால் அப்படி ஆகாது. வகுப்பில் பாடம் தொடங்குமுன் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை, பொறுத்துக்கொள்:

1. என் உடம்பு
2. வீடு, நிலவறை, வாசல் மரம்
3. அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று நீ கேட்டதற்குப் பதில்
4. அம்மாவின் நாற்காலி
5. நான் உன்னிடம் வந்துவிடுவது பற்றி

முதலாவது, உடம்பு. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. தலைசுற்றல் காதிலிருந்து வருகிறது என்கிறார் டாக்டர். காதுக்கும் வயதாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன். மே மாதம் நிலவறைப் படியில் லேசாகச் சறுக்கினேன் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அதில் லேசாக என்பதை எடுத்துவிடலாம். கணுக்கால் மடங்கி, ஏற முடியாமல், மதியச் சாப்பாட்டு நேரத்திலிருந்து வெளிச்சம் மங்கும்வரை கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே இருக்கிற சின்ன ஜன்னல் வழியாக இரண்டு பக்கத்து வீட்டிலும் புல் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கூப்பிடலாமா என்று யோசித்தேன். இயந்திரம் ஓடும்போது கூப்பிட்டால் கேட்காது, நிறுத்தட்டும் என்று காத்திருந்தேன். நிறுத்தியதும், பாவம் களைத்துப் போயிருப்பார்கள், இப்போது எதற்கு என்று தோன்றியது. பிறகு வீக்கம் கொஞ்சம் வற்றி, உட்கார்ந்தபடியே பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறி வந்துவிட்டேன். மறுநாள் காலை இரண்டு வீட்டுக்காரர்களும் எனக்குக் கையசைத்தார்கள். நானும் கையசைத்தேன். இப்போது கால் சரியாகிவிட்டது, கவலைப்படாதே.

இரண்டாவது, வீடு. நிலவறைக் குழியில் தண்ணீரை இறைக்கும் மோட்டாரை மாற்றியாயிற்று. வாசல் மேப்பிள் பட்டுப்போய்விட்டது, நகராட்சி ஆள் வந்து, வெட்டுவதற்கு அடையாளமாக ஆரஞ்சுப் பெயின்டில் புள்ளி வைத்துவிட்டுப் போனார். தெரு முழுக்க அதே புள்ளிதான். எல்லாம் ஒரே வருடம் நட்ட மரங்கள், ஒரே வயதில் போகின்றன.

மூன்றாவதுதான் நீளம். போன ஞாயிற்றுக்கிழமை நீ, "அந்த ஊர்ல அப்படி என்னப்பா இருக்கு?" என்று கேட்டாய். கோபத்தில் கேட்டாயா உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஊரின் பெயரில் பைன் மரம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, மேடும் இருக்கிறது. ஊரில் மூன்றும் இல்லை. முன்பு இது தட்டையான கரிய சேற்று நிலம். ஹங்கேரியிலிருந்து வந்த குடும்பங்கள் சில இதில் வெங்காயம் போட்டுக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் டெல்பர்ட் க்ரூம் என்ற கட்டட முதலாளி வெங்காய வயலை மொத்தமாக வாங்கி, மூன்றே மாதிரிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கட்டி, வாசலுக்கு ஒரு மேப்பிள் கன்று நட்டு, இந்தப் பெயரை வைத்தார். வெங்காய வயல் என்று வைத்தால் டொலீடோ நகரத்திலிருந்து யார் குடிவருவார்கள். தெருக்களுக்குத் தன் பெண்களின் பெயரை வைத்தார், நான்சி தெரு, கேரல் தெரு, ஜுடித் தெரு. நாலாவது பெண் அப்பா பேச்சைக் கேட்காமல் ஒரு சாக்ஸபோன்காரனோடு போய்விட்டாள், அதனால்தான் நம் தெரு வெறும் ஏழாம் தெருவாக நிற்கிறது என்று அம்மா சொல்வாள். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் முதல் ஆறு தெருக்கள் எங்கே என்று புதிதாக வரும் தபால்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் ஆரம்ப காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிற ஆண்கள் தவறான வீட்டுக்குள் நுழைந்து விடுவார்களாம். ஒருவர் தொப்பியைக் கழற்றி மாட்டி, கைகழுவி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தட்டு வைத்த பெண்ணை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் எழுந்து ஓடினாராம். அந்த வெட்கம்தான் ஊருக்குள் இறங்கி, யாரும் யார் வீட்டுக்கும் போகாத பழக்கமாக நின்றுவிட்டதோ என்று சில சமயம் நினைக்கிறேன். இது என் ஊகம்தான், நீ இதை யாரிடமும் சொல்ல வேண்டாம். க்ரூமை நம்பி வந்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைத்தது. மழை பெய்து மண்ணில் ஈரம் ஏறினால் நிலவறைக்குள் வெங்காய வாசனை வரும். சாதாரணமாக லேசாக வரும், மோட்டார் நின்றுபோய்த் தண்ணீர் ஊறினால் கண் எரிகிற அளவுக்கு வரும். உனக்குத் தெரிந்ததுதான், சின்ன வயதில் நீ இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்தபோது அம்மா உன்னைக் கண்டித்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரியும், வெளியாள் காதில் யாரும் போடமாட்டார்கள், வீட்டுக்கு விலை இறங்கிவிடும் என்று பயம்.

க்ரூமின் விற்பனைப் பத்திரத்தில், வெள்ளையர் அல்லாத யாருக்கும் வீட்டை விற்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அப்படிப்பட்ட வரி செல்லாது என்று நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லிவிட்டது. ஆனாலும் அது அச்சாகிக்கொண்டிருந்தது, ஊரும் அதன்படியே நடந்துகொண்டிருந்தது. ஆர்டெல்லா பெட்டிக்ரூவும் அவள் கணவரும் ஜுடித் தெருவில் வீடு வாங்கி வந்தபோது யாரும் கல் எறியவில்லை, கடுஞ்சொல் சொல்லவில்லை, கையசைக்கவும் இல்லை. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. அந்த வருடமும் வழக்கம்போல ஜூலை மூன்றாம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே கேரல் தெரு ஓரமாக நாற்காலிகளை வைத்து, மறுநாள் சுதந்திர தின ஊர்வலத்துக்கு இடம் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போயிற்று. குடும்பத்துக்கு ஒரு இடம், வருடா வருடம் அதே இடம்; நாற்காலியில் பெயர் எழுதுவதும் இல்லை, யாரும் எடுப்பதும் இல்லை. மறுநாள் காலை நாங்கள் போனபோது பெட்டிக்ரூ நாற்காலிகளுக்கு இரண்டு பக்கமும் இருந்த நாற்காலிகளைக் காணோம், எல்லாம் தள்ளிப் போய்விட்டிருந்தன. ஒரு காரை நிறுத்தலாம், அவ்வளவு வெறும் புல். அம்மா கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "ராய்ஸ், நம்ம நாற்காலிய எடு" என்றாள். எங்கே என்றேன். "அங்கதான் இவ்ளோ இடம் இருக்கே" என்றாள். நான் நாற்காலிகளையும் காபி பிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஆர்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இங்க இடம் இருக்கறது இப்பதான் கண்ணுல பட்டுச்சா?" என்றாள். அம்மா, "நேத்தே பட்டுது. இந்த மனுஷன் தூக்கிட்டு வர்றதுக்கு விடிஞ்சுபோச்சு" என்றாள். முந்தின நாள் நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து அதுதான் நம் இடம்.

ஐம்பது வருடத்துக்கு மேல் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆர்டெல்லாவின் சமையலறைச் சுவர் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவளுக்கும் நம்முடையது தெரியாது. அம்மா இறந்துபோன நவம்பரில் ஒவ்வொரு நாள் காலையிலும் வாசல்படியில் துணி மூடிய பாத்திரம் இருந்தது. நூடுல்ஸ், கோழி, உருளைக்கிழங்கு, ஆர்டெல்லா வைத்த பீச் பழப் பை. யார் வைத்தார்கள் என்று பாத்திரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர்கூட மணி அடிக்கவில்லை, அடித்தால் நான் எழுந்து வர வேண்டியிருக்குமே என்ற நல்ல எண்ணம்தான். நானும் கழுவித் துடைத்து அவரவர் வாசல்படியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். ஆகவே நீ கேட்டதற்கு என் பதில் இது: இந்த ஊர் கையசைக்கும், படியில் சாப்பாடு வைக்கும், கதவைத் தட்டாது. இங்கே யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மா இருந்தவரை எனக்கே அது வசதியாகத்தான் இருந்தது.

நாலாவது, அம்மாவின் நாற்காலி. இந்த வருடம் ஒரு நாற்காலி கொண்டுபோவதா இரண்டா என்று எனக்கு முடிவு செய்யத் தெரியவில்லை. ஒன்று என்றால் பார்ப்பவர்கள் வருத்தப்படுவார்கள், இரண்டு என்றால் பரிதாபப்படுவார்கள். கடைசியில் இரண்டையும் கொண்டுபோனேன். அம்மாவுடையது அந்த அலுமினிய மடக்கு நாற்காலி, பச்சையும் வெள்ளையுமாக நாடாவை அவளே பின்னிப் போட்டது, நாடா ஓரத்தில் பிரிந்திருந்தது. பின்னங்கால் ஒன்று நான் காரைப் பின்னால் எடுத்தபோது வளைந்தது, உனக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் என்னுடையது மட்டும் இருக்கிறது. ஆர்டெல்லா வந்து உட்கார்ந்ததும், "வெர்னா நாற்காலி எங்க வாத்தியாரே?" என்றாள். காற்று அடித்துக்கொண்டு போயிருக்கலாம் என்றேன். "காத்து என்ன, பாத்துப் பாத்து ஒண்ண மட்டும் பொறுக்கிட்டுப் போச்சா?" என்றாள். காணாமல் போயிற்று என்று சொன்னால் யாரோ எடுத்தார்கள் என்று ஆகிவிடும், இந்த ஊரில் அப்படி ஒரு சொல் எழுந்ததே கிடையாது.

ஊர்வலம் வந்தது. தீயணைப்பு வண்டி மிட்டாய் இறைத்துக்கொண்டு போயிற்று. அப்போது எதிர்ப் பக்கம் பல் டாக்டர் கிளினிக் முன்னால் டானா ஸ்விட்சரைப் பார்த்தேன். நம் எதிர் வீட்டுக்கு ஏப்ரலில் குடிவந்த பெண், கைக்குழந்தைக்காரி, கணவன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் பாதி நாள் வெளியூர். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியில் புத்தம் புது ஆரஞ்சு நாடா பளபளவென்று இருந்தது. ஆனால் அந்த வளைந்த கால் அம்மா நாற்காலியின் கால். நான் பார்வையை எடுத்துக்கொண்டேன், ஆனால் ஆர்டெல்லா அதற்குள் என் பார்வையைப் பிடித்துவிட்டாள். "அது வெர்னா கால்தானே?" என்றாள். இருக்காது என்றேன். "அந்தக் கோணக் கால அம்பது வருஷமா பக்கத்துல வெச்சுப் பாத்தவகிட்ட சொல்றீங்க. எந்திரிச்சுப் போய்க் கேளுங்க." ஊர்வலம் முடியட்டும் என்றேன். "முடிஞ்சா மடக்கி அக்குள்ல வெச்சுக்கிட்டுப் போயிடுவா. நீங்க கையசைச்சு வழியனுப்புவீங்க." பிறகு பள்ளிக்கூட பேண்டு கடந்துபோய், தொண்டுச் சங்கத்துப் பெரியவர்கள் வழக்கம்போலச் சின்னச் சின்னப் பொம்மைக் கார்களை ஓட்டிக்கொண்டு வருவதற்கு இடையில் கொஞ்சம் அமைதி வந்தது. ஆர்டெல்லா எழுந்து நின்று, "ஏ பொண்ணே! ஆரஞ்சு நாற்காலி! உன்னத்தான்! செத்துப்போனவ மடியில உக்காந்துக்கிட்டு மிட்டாய் திங்கறியே, தெரியுமா உனக்கு?" என்று கத்தினாள். கிரெட்சன், நான் காலில் கிடந்த மிட்டாய்க் காகிதத்தைக் குனிந்து எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் நாற்காலியுமாகத் தெருவுக்குள் இறங்கிவிட்டாள். பொம்மைக் கார்கள் அவளைச் சுற்றி வளைத்து வளைத்துப் போயின, ஒரு பெரியவரின் குஞ்சம் வைத்த தொப்பி கீழே விழுந்தது, அவர் ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டார். கூட்டம் இதுவும் ஊர்வலத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டியது. டானா நாற்காலியை என் முன்னால் வைத்து, மூச்சு வாங்க, "நான் திருடல சார். நேத்து மத்தியானம் ரோட்டோரமா கெடந்துச்சு, கால் வளைஞ்சு, நாடா பிஞ்சு. நாங்க முன்னாடி இருந்த புரூக்ளின்ல ரோட்டோரத்துல எத வெச்சாலும் வேணுங்கறவங்க எடுத்துக்கலாம்னுதான் அர்த்தம். எங்க வீட்டு சோபாவே அப்படி வந்ததுதான். ராத்திரிக்குள்ள புது நாடா போட்டு முடிச்சேன், ஊர்வலத்துல நாமளும் ஒரு நாற்காலியோட உக்காரலாம்னு..." என்றாள். நான் அவளிடம், இது எங்களுடையது இல்லையம்மா, மடக்கு நாற்காலி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று சொன்னேன். ஆர்டெல்லா என்னைப் பார்த்து, "பொய் சொல்ல வராதவங்க அந்த வேலைக்குக் கிளம்பக் கூடாது வாத்தியாரே" என்றாள். பழைய நாடா எங்கே என்று டானாவிடம் கேட்டாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அறுத்துத் தக்காளிச் செடிக்கெல்லாம் கட்டிட்டேன்" என்றாள். ஆர்டெல்லா, "வெர்னாவுக்குத் தக்காளின்னா உசுரு" என்று மட்டும் சொன்னாள். நாற்காலியில் யார் உட்காருவது என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை. கை வலிக்கிறது என்று டானா குழந்தையை அதில் உட்கார வைத்தாள், அது மீதி ஊர்வலத்தை அப்படியே பார்த்தது. முடிந்ததும் அவள் நாற்காலியை என்னிடம் விட்டுவிட்டுக் குழந்தையோடு வேகமாகப் போய்விட்டாள். இப்போது அது காரேஜில் இருக்கிறது, ஆரஞ்சு நாடாவோடு. அம்மா பின்னியதைவிட இறுக்கமாகவே பின்னியிருக்கிறாள், சொல்லத்தான் வேண்டும். அன்றிலிருந்து டானா காரில் ஏறும்போது என் வீட்டுப் பக்கம் திரும்புவதில்லை. இந்தத் தெருவில் எனக்குக் கையசைக்காத ஒரே ஆள் இப்போது அவள்தான். போய் ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் என்ன சொல்வது, எந்த நேரத்தில் போவது என்று தெரியவில்லை. மேலும் மூன்றாவதில் எழுதியதுதான், இங்கே அப்படி யாரும் போவதில்லை.

ஐந்தாவது. நான் வந்துவிடுகிறேன். தொலைபேசியில் சொன்ன ஆமாம் இல்லை இது, யோசித்து எழுதுவது. நிலவறைப் படியில் இன்னொரு முறை விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வாசல்படியில் பாத்திரங்கள் சேரச் சேர, நான் ஏன் எடுக்கவில்லை என்று எல்லோரும் கவலைப்படுவார்கள். இன்னொரு பாத்திரமும் வைப்பார்கள். கதவைத் தட்டாத ஊரில் என் வயதுக்காரன் தனியாக இருப்பது சரியில்லை என்று நீ சொல்வது நியாயம்தான். வீட்டுத் தரகரிடம் நீயே பேசிவிடு, நான் பேசினால் அவர் சொல்கிற விலைக்கெல்லாம் தலையாட்டிவிடுவேன். இலையுதிர் காலத்துக்குள் கிளம்பலாம். அம்மாவின் நாற்காலியைக் கொண்டுவர வேண்டுமா என்று பிறகு யோசிக்கலாம்.

ஜூலை 12

கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், தபால்தலைதான் இல்லை. அதற்குள் நேற்று நடந்ததைச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அதனால் பிரித்துவிட்டேன்.

நேற்று மதியம் மேற்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்து பெரிய மழை. பட்டுப்போன மேப்பிள் ஒன்று ஜுடித் தெருவில் கம்பிமேல் விழுந்து ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் போனால் மோட்டார்கள் நின்றுவிடும், ஊர்க்காரர்கள் நிலவறைக்குப் போய்த் தரையில் இருப்பதை மேலே எடுத்து வைப்பார்கள். நம்முடையதில் எல்லாம் ஏற்கனவே அலமாரியில்தான் இருக்கிறது, அதனால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. அப்படிக் கொட்டுகிற மழையில் டானா வீட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாக முழுக்கத் திறந்துகொண்டிருந்தாள், திரைச்சீலை நனைந்து வெளியே தொங்கியது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வெங்காய வாசனை மேலே ஏறிவிட்டது, அவள் அதை வேறு ஏதோ என்று நினைத்துவிட்டாள். அவளிடம் யார் சொல்லியிருப்பார்கள். விற்றவர் சொல்லமாட்டார், தரகர் சொல்லமாட்டார், தெருவில் யாரும் சொல்லமாட்டார்கள். நிலவறையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. லாரி வாசலில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாராவது போவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். எல்லோரும் அவரவர் நிலவறையில் இருந்தார்கள்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவின் நடுவில் கணுக்கால்வரை தண்ணீர், நான் சறுக்குவதற்கு எல்லா வசதியும் இருந்தது, சறுக்கவில்லை. அவள் வாசலில் போய் மணியை அழுத்தினேன். கரண்ட் இல்லாமல் மணி எப்படி அடிக்கும் என்று அழுத்திய பிறகுதான் தோன்றியது. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு கையை மடக்கித் தட்டினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினேன். குடைக் கைப்பிடியாலும் தட்டினேன். டானா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலே கோட்டைச் சுற்றிக்கொண்டு வெளியே கிளம்பின கோலத்தில் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும், "சார், அந்த நாடாவெல்லாம் அவுத்துக் குடுத்துடறேன் சார்" என்றாள். நான் என்ன சொல்வது என்று தெருவைக் கடக்கும்போதே வாக்கியங்களாக அமைத்து வைத்திருந்தேன், அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. "வெங்காயம்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "அது வெங்காயம்மா, வேற ஒண்ணும் இல்ல. இந்த வரிசைக்கு கேஸ் குழாயே கெடையாது. கீழ போய்ப் பாரு, தண்ணி ஏறியிருக்கும்" என்றேன். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "நான் கேஸ்னு நெனச்சு, குழந்தையத் தூக்கிட்டு மழையில எங்க போறதுன்னு... ஃபோனும் செத்துப்போச்சு. வெங்காயமா? வீட்ட வித்த ஆளு ஒரு வார்த்த சொல்லலியே!" என்றாள். சொல்லமாட்டார்கள், நீ விற்கும்போது நீயும் சொல்லமாட்டாய் என்றேன். நான் ஒரு வேடிக்கை சொன்னேன் என்று அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அவள் வீடு நம்முடைய அதே மாதிரிதான், இடம் வலமாக மாறியது. சமையலறை மஞ்சள். நிலவறையில் நாலு விரல் தண்ணீர் ஏறியிருந்தது, பிரிக்காத அட்டைப்பெட்டிகள் எல்லாம் தரையிலேயே இருந்தன. படி இறங்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, அவளும் விடவில்லை. நான் மேல் படியில் உட்கார்ந்து குழந்தையை வைத்துக்கொண்டேன், அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் பக்கத்தில் வைத்தாள். எந்தப் பெட்டி முதலில், எது பிறகு என்று நான் மேலிருந்து சொன்னேன். அவள் ஒன்றையும் அப்படிச் செய்யவில்லை. குழந்தை என் சட்டைப் பித்தான் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டது, கையை விட்டு எடுத்துவிட்டேன், பயப்பட வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது. கிளம்பும்போது அவள், "இந்த ஊருக்கு வந்து எங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வெச்ச மொத ஆள் நீங்கதான் சார்" என்றாள். அந்த நாற்காலி உன்னிடமே இருக்கட்டும், ஆனால் அடுத்த வருடம் ஆர்டெல்லாவுக்கு இடப்பக்கம்தான் போட வேண்டும், அது மாறக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வருடம் என்று ஏன் சொன்னேன் என்று தெருவைக் கடந்து வந்த பிறகு யோசித்தேன். இன்று காலை அவள் கையசைத்தாள். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, கையசைப்பது இந்த ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

தரகருக்கு இப்போதைக்குத் தொலைபேசி செய்யாதே. ஏற்கனவே செய்துவிட்டால் அப்பா தடுமாறுகிறார் என்று சொல்லிவிடு, அது பொய்யும் இல்லை. இங்கே குளிர்காலம் வரும்போது உன்னிடம் வருகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்தே எடு. ஆட்டுக்கொட்டிலில் தனியாக வேலை செய்யும்போது எங்கே போகிறாய் என்று இயனிடம் சொல்லிவிட்டுப் போ, கழுத்தைத் துணி சுற்றி மூடிக்கொள். அம்மாவின் தையல் கத்தரிக்கோலைப் போன முறை எடுத்துப் போனாயா, இங்கே தேடிக் கிடைக்கவில்லை, மறக்காமல் எழுது. நீங்கள் இருவரும் உடம்பு நோகாமல், ஒருவருக்கொருவர் துணையாய், நிறைந்த மனதோடு இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். இந்த ஊரில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை என்று மூன்றாவதில் எழுதியிருக்கிறேன். பேனாவில் எழுதியதை அடித்தால் பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். யாரும் இல்லை என்று வருகிற ஒரு கூற்றை உடைக்க மாறான உதாரணம் ஒன்றே ஒன்று போதும் என்று வடிவியல் வகுப்பில் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஐந்தாவது முழுவதும் மூன்றாவதை நம்பி எழுதியது. ஐந்தாவதைத் தவறு என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை, நிரூபிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள். மூன்றாவது தவறு.

உன் அன்பு அப்பா,
ராய்ஸ் ஹோல்ட்கேம்ப்